எந்த ஆண்டில் தொடங்குகிறது சிங்கப்பூர்?

போன டிசம்பர் விடுமுறைக்கு அக்கா மகன் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தான். கல்லூரியில் வரலாறு படிக்கிறான். தேக்கா உணவங்காடியில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்: “மாமா, சிங்கப்பூரைப் பத்தி ஒரே ஒரு புத்தகம் படிக்கணும்னா எதைப் படிக்கலாம்?”

இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். படிக்கிற பழக்கமும் உண்டு. ஆனாலும் சட்டென்று ஒரு பெயர் வாயில் வரவில்லை. கடைசியில் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு வழியைத்தான் சொன்னேன். “எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கதை எந்த வருஷத்துல ஆரம்பிக்குதுன்னு முதல்ல பாரு. அதை வச்சே உள்ளே யார் இருப்பாங்க, யார் இருக்க மாட்டாங்கன்னு பாதி தெரிஞ்சிடும்.”

சும்மா சமாளிக்கச் சொன்னதுதான். ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை 1819இல் தொடங்கும். அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் கரையிறங்கினார், பிப்ரவரி 6ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது, அத்துடன் சிங்கப்பூர் பிறந்தது என்ற கணக்கு. சார்ல்ஸ் பக்லி என்பவர் பழைய பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துத் தொகுத்து 1902இல் வெளியிட்ட பெரிய நூல் அப்படித்தான் தொடங்குகிறது. நூற்றாண்டு நிறைவுக்காக 1921இல் இரண்டு தொகுதிகளாக வந்த நூலும் அப்படித்தான். எழுதியவர்கள் வெள்ளைக்கார வணிகர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஊரை அவர்கள் எழுதினார்கள்.

இதில் சுவையான கிளைக்கதை ஒன்று உண்டு. அந்த நூற்றாண்டு நூலில் சீனர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதித் தரும்படி சோங் ஓங் சியாங் என்ற வழக்கறிஞரைக் கேட்டிருந்தார்கள். அவர் தேடத் தேட விஷயம் பெருகிக்கொண்டே போனது. அத்தியாயம் அத்தியாயமாக நிற்கவில்லை; தனிப் புத்தகமாகி 1923இல் வந்தது. சிங்கப்பூர்ச் சீனர் வரலாற்றைத் தேடுகிறவர்கள் நூறு ஆண்டு கழித்தும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். இந்தியர்களுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு புத்தகம் வாய்க்கவில்லை. மலாயா இந்தியர்களைப் பற்றி கெர்னியல் சிங் சந்துவின் ஆய்வு நூல் 1969இல்தான் வந்தது. சிங்கப்பூர் இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 1819 முதல் 1945 வரை ராஜேஷ் ராய் எழுதிய நூல் 2014இல். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு இடைவெளி. பொது வரலாறுகளில் தமிழன் அடிக்குறிப்பிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எழுதும்போது எடுத்தாள நம் பக்கத்தில் ஒரு தொகுப்பு இருந்ததில்லை.

சுதந்திரம் கிடைத்த பிறகாவது 1819 போயிருக்கவேண்டும் அல்லவா? போகவில்லை. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் பொதுவாக வெள்ளைக்காரர் சிலையை முதலில் இறக்கும். சிங்கப்பூர் இறக்கவில்லை, ராஃபிள்ஸையே நிறுவனர் என்று வைத்துக்கொண்டது. ஏன் என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த, நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான சி. ராஜரத்தினம் பின்னாளில் விளக்கினார். சீனரோ மலாய்க்காரரோ இந்தியரோ, ஓர் இனத்தின் மூதாதையைத் தூக்கிப் பிடித்தால் மற்றவர்களுக்குள் சண்டை வரும். யாருக்கும் சொந்தமில்லாத ஒருவர் இருப்பது நல்லது என்பதுதான் சாரம். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறையின் கணக்கு அது. தப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 1819க்கு முன்னால் இந்தத் தீவு ஒரு மீன்பிடி கிராமம், அவ்வளவுதான்.

அந்தக் கதையை மாற்றியது மண்வெட்டி. 1984இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஜான் மிக்சிக் என்ற தொல்லியலாளர் தோண்ட ஆரம்பித்தார். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான், கண்ணாடி, மட்கலம் என்று வந்துகொண்டே இருந்தன. ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே கடல் வணிகம் நடந்த ஊர் இருந்தது உறுதியாயிற்று. அவர் அதையெல்லாம் சேர்த்து 1300 முதல் 1800 வரையிலான சிங்கப்பூரைப் பற்றி எழுதிய நூல் 2013இல் வெளிவந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஏற்படுத்திய வரலாற்று நூல் பரிசு, 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முதன்முதலாக 2018இல் அதற்குத்தான் கிடைத்தது. ராஃபிள்ஸ் வந்த 200ஆம் ஆண்டுக்குச் சரியாக ஓர் ஆண்டு முன்னால்.

1300இல் தொடங்கினால் யார் யார் உள்ளே வருகிறார்கள்? தமிழ் வாசகருக்கு இங்கேதான் சுவாரசியம். மலாய் அரசர்களின் கதையைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வைத் திறந்தால், துமாசிக்குக்கு (சிங்கப்பூரின் பழைய பெயர்) வந்து சிங்கத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இளவரசன் சங் நீல உத்தமனுக்கு முன்பே இன்னொருவர் வருகிறார். ராஜா சூலான். கலிங்கத்திலிருந்து பெரும்படையோடு சீனாவைப் பிடிக்கப் புறப்பட்டு, வழியில் துமாசிக்கில் தங்குகிறார். செய்தி எட்டியதும் சீனப் பேரரசர் ஒரு தந்திரம் செய்கிறார். ஒரு கப்பலில் பல் போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்து நிற்கும் மரங்களையும் ஏற்றி அனுப்புகிறார். சீனா எவ்வளவு தூரம் என்று அவர்களிடம் விசாரிக்கிறார்கள். “புறப்படும்போது நாங்கள் இளைஞர்கள். இந்த மரங்களை அப்போது விதையாகத்தான் போட்டோம். இந்த ஊசிகள் கை பருமன் இரும்புத் தடியாக இருந்தன” என்கிறார்கள் கிழவர்கள். ராஜா சூலான் மலைத்துப்போய்த் திரும்பிவிடுகிறார். சங் நீல உத்தமன் அவருடைய வழியில் வந்தவர் என்பது கதை.

சூலான் என்றதும் சோழன் காதில் விழாமல் இருக்குமா? 1025இல் இராசேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின்மீது நடத்திய கடற்படையெடுப்பின் மங்கலான நினைவு இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கா மகனுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, தஞ்சாவூர்க்காரன் வேறு. “அப்ப நம்ம ஆளுதான்!” என்றான். அவசரப்படாதே என்றேன். மலாய் அரசவை இந்தக் கதையைச் சொன்னது சோழர் பெருமைக்காக அல்ல, தன் வம்சத்தின் பெருமைக்காக. அதே வம்சாவளியில் மாவீரன் அலெக்சாண்டரும் இஸ்கந்தர் சுல்கர்னைன் என்ற பெயரில் இருக்கிறார். பெரிய பெயர்கள் எல்லாம் தேவைப்பட்டன, சோழர் பெயரும் அதில் ஒன்று.

சரி, ஒரே ஒரு புத்தகம்தான் என்று யாராவது கழுத்தைப் பிடித்தால் நான் எதைச் சொல்வேன்? 1849இல் இதே ஊரில் கல் அச்சில் வெளிவந்த ‘ஹிகாயத் அப்துல்லா’. முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு. மலாய் மொழியில் எழுதியது. ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது.

அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா யேமன் நாட்டு அரபு. கிழக்கே வந்து திருமணம் செய்துகொண்ட ஊர் எது தெரியுமா? நாகூர். குடும்பம் பிறகு மலாக்காவுக்கு வந்தது. சிறுவயதில் அப்பா தன்னை ஓர் ஆசிரியரிடம் தமிழ் படிக்க அனுப்பியதையும் இரண்டரை ஆண்டு படித்ததையும் அப்துல்லா எழுதுகிறார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாம். கணக்கு வழக்குப் பார்க்கவும், ஊரில் நிறைந்திருந்த வணிகர்களோடு பேசவும் அது வேண்டியிருந்தது. தமிழ் கற்றால் வேலை கிடைக்குமா என்று இன்றைக்குக் கவலைப்படுகிற பெற்றோருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டலாம். பிற்பாடு அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார்.

அவர் ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்தவர். பெரிய மனிதர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆனால் எனக்குப் பிடித்தது எலிகள்தான். ஆரம்ப கால சிங்கப்பூரில் எலித் தொல்லை அப்படி. வீட்டில் வளர்த்த பூனையை ஒருநாள் இரவு எலிகள் சூழ்ந்துகொண்டு காதையும் மூக்கையும் கால்களையும் கடித்து, அது நகர முடியாமல் கத்தியதாம். அப்போது நிர்வாகியாக இருந்த ஃபார்குவார் எலிக்கு ஒரு காசு வீதம் பரிசு அறிவித்தார். மறுநாள் காலையிலிருந்து ஆள்கள் எலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் வரிசை. சிலர் ஐந்தாறு, சிலர் ஐம்பது அறுபது. செத்த எலிகளைக் குழி தோண்டிப் புதைக்கவேண்டியிருந்தது. எலி ஓய்ந்ததும் பூரான், அதற்கும் பரிசு. ஒப்பந்தங்களையும் கப்பல் கணக்குகளையும் வைத்து எழுதிய வரலாறுகளில் இந்த ஊரின் நாற்றம் வராது. அப்துல்லாவிடம் வரும்.

அவர் விவரிக்கும் இன்னொரு விஷயம், சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நின்ற எழுத்துப் பாறை. பெரிய பாறை, முழுக்க எழுத்து, ஆனால் அரித்துப்போயிருந்தது. ஊரே வந்து பார்த்தது. இந்தியர்கள் இது இந்து எழுத்து என்றார்கள். சீனர்கள் சீன எழுத்து என்றார்கள். அப்துல்லாவுக்கு அது அரபு எழுத்தைப் போலத் தெரிந்தது. ஒருவராலும் ஒரு வரி படிக்க முடியவில்லை. 1843இல் ஆற்று முகத்தில் கட்டுமான வேலைக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அப்துல்லா மனம் நொந்து எழுதுகிறார். சீராக்க முடியாததை அழிக்காதே என்ற மலாய்ப் பழமொழியையும் சொல்கிறார். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை முழுதாகப் படித்தவர் இல்லை. 2019இல் ஓர் ஆய்வாளர், அதில் ‘பரகேசரி’ என்ற சோழ விருதுப் பெயரின் பகுதி இருக்கலாம் என்று எழுதினார். இருக்கலாம், அவ்வளவே.

அதே 2019இல் போட் கீ பக்கம் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் தனியாக நிற்கவில்லை. கொஞ்ச நாளைக்கு அவர் சிலையின் பக்கத்தில் நான்கு பேரின் சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்: சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, சீன வணிகர் டான் டோக் செங், நாராயண பிள்ளை. போய்ப் பார்த்தேன். பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து, இங்கே செங்கல் சூளை போட்டு, துணிக்கடை வைத்து, அது தீயில் அழிந்து, மறுபடி எழுந்து, 1827இல் மாரியம்மன் கோவிலுக்கு வழிசெய்தவர் நாராயண பிள்ளை. நினைத்துப்பாருங்கள், என்ன ஒரு நாவலுக்கான வாழ்க்கை! ஆனால் அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது மற்றவர்கள் போகிற போக்கில் எழுதிய சில வரிகள். அப்துல்லாவின் எலியைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்குக்கூட நாராயண பிள்ளையின் சூளையைப் பற்றித் தெரியாது.

எழுதாதவர்களை எப்படிப் படிப்பது? பக்கவாட்டில் இருந்து. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் கட்டினார்கள். சிறை நிர்வாகத்தில் இருந்த மெக்நேர் என்ற பொறியாளர் 1899இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கைதிகளையே காவலர்களாக உயர்த்திய முறையை மெச்சி எழுதிய அதிகாரியின் புத்தகம். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரை எப்படிப் பூசினார்கள் என்று சொல்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். பெயரே ‘மதராஸ் சுண்ணம்’. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி அந்த வெள்ளைத் தேவாலயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெல்லம் ஞாபகம் வரும்.

தமிழில் எழுதிய புத்தகங்கள் இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் வரலாறு என்று அட்டையில் போட்டு வரவில்லை. இன்று தெரிந்தவரை இங்கே அச்சான மிகப் பழைய தமிழ் நூல் 1872இல் வந்த ‘முனாஜாத்துத் திரட்டு’. இஸ்லாமியப் பக்திப் பாடல்கள். 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் டேங்க் ரோடு செட்டியார் கோவில் முருகன்மீது ‘சிங்கைநகர் அந்தாதி’ பாடினார். அதே ஆண்டு மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘வினோத சம்பாஷணை’யை இங்கே பிறந்த முதல் தமிழ்ச் சிறுகதையாகச் சிலர் கொள்கிறார்கள், இல்லை, அது உரையாடல்தான் என்று மறுப்பவர்களும் உண்டு. எது எப்படியோ, 1880களில் நாகூர்ப் பக்கத்து முஸ்லிமும் யாழ்ப்பாணத்துச் சைவரும் செட்டியார் கோவிலும் ஒரே ஊரில் ஒரே மொழியில் அச்சு மையோடு இருந்தார்கள் என்பது வேறெந்த வரலாற்று நூலிலும் இவ்வளவு பச்சையாகத் தெரியாது.

அப்புறம் 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. வரலாற்றைவிட விளம்பரங்களில் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

1942இல் தொடங்கும் புத்தகங்கள் தனி இனம். ஜப்பானியர் பிப்ரவரி 15ஆம் தேதி ஊரைப் பிடித்தார்கள். சீனக் குடும்பங்களின் நினைவில் அது ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்ற நாட்கள். தமிழர் நினைவில் அது நேதாஜி. 1943 ஜூலையில் அவர் இங்கே தலைமை ஏற்றதும் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும். தோட்டத் தொழிலாளருக்கோ அது, ஜப்பானியர் அவர்களைக் கொண்டுபோய் வேலைவாங்கிய சயாம் ரயில் பாதை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்துவிட்டு வந்தால், ஆங்கில வரலாற்றில் வரும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் பக்கத்தில் தமிழன் எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறான் என்பது உறைக்கும்.

நாடு தனியான 1965இல் தொடங்குபவற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. லீ குவான் இயூவின் நினைவுக் குறிப்புகள் 1998இலும் 2000இலும் இரண்டு பாகமாக வந்தன. ஆட்சியில் இருந்தவர் பார்த்த ஊர். அதை மறுபக்கத்திலிருந்து கிண்டிய படக்கதை நூல் ஒன்று, சோனி லியூ வரைந்தது, 2015இல் வந்தது. கொடுத்திருந்த 8,000 வெள்ளி மானியத்தைக் கலைகள் மன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகம் அதனாலேயே பறந்து விற்றது. 2017இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்று அதற்குக் கிடைத்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நல்லது.

அந்தக் காலத்தைத் தமிழில் பார்க்க நான் போவது ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’யிடம். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் வானொலிக்கு எழுதி, பிறகு நூலான நகைச்சுவை நாடகத் தொடர். கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக்கு ஒரு தலைமுறையே மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்த காலம். எத்தனை வீடு கட்டினார்கள் என்று அரசாங்க அறிக்கை சொல்லும். மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டினால் தமிழ்க் குடும்பம் என்ன பேசும் என்பதற்கு இந்த மாதிரி எழுத்துதான் வேண்டும். கிருஷ்ணனுக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

ஒரு வருத்தம். இங்கே தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் எழுதியவரே காசு போட்டு, சென்னையில் அச்சடித்து, சில நூறு பிரதிகளோடு வருவது. வெளியீட்டு விழாவில் பொன்னாடை, வடை, தேநீர். உறவினர்களும் நண்பர்களும் கவரில் பணம் வைத்து ஆளுக்கொன்று வாங்குவார்கள். மறுவாரம் அதைக் கடையில் தேடினால் கிடைக்காது. வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி தேசிய நூலகத்துக்குத் தரவேண்டும் என்ற சட்டம் இருப்பதால் பிழைத்தவை பல. 2015இல் நாட்டின் பொன்விழாவை ஒட்டி, தொண்டூழியர்கள் சேர்ந்து 1965க்குப் பிந்திய தமிழ் இலக்கிய நூல்கள் ஏறக்குறைய 350ஐ மின்னாக்கம் செய்தார்கள். எழுத்தாளர் வீடு வீடாகப் போய் அனுமதி வாங்கி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்த வேலை அது. அக்கா மகனுக்கு அந்தச் சுட்டியைத்தான் அனுப்பினேன். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

அவன் ஊருக்குப் போகும் முன் ஒருநாள் தேசிய அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போனேன். பாறைத் துண்டு முன்னால் வெகுநேரம் நின்றான். மங்கலான வெளிச்சம், மண் நிறத்தில் ஒரு கல், அதில் கோடுகள் மாதிரி ஏதோ. அப்துல்லா சொன்னதையெல்லாம் முந்தின நாள்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே விரலால் ஒரு வளைவை வரைந்து காட்டினான்.

“மாமா, இது ‘க’ மாதிரி இல்ல?”